பின் அச்சில் விட்டுவைத்த இடம்

பழைய ரியர் வீல் டிரைவ் காரின் பின் அச்சைத் திறந்து, கம்பெனி வைத்த சாதாரண டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பொருத்தும் வழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் வயதாகிறது. அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் வேரூன்றிய இதை, பந்தயப் பித்துப் பிடித்தவர்கள் கம்பெனிகளை மீறிச் செய்த கைவேலை என்றே பலரும் சொல்கிறார்கள். சான்றுகளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வழக்கத்துக்கு வழி திறந்துவிட்டவை கார் கம்பெனிகளே. ஒரே அச்சுக் கூட்டுக்குள் இரண்டு வகை டிஃபரன்ஷியலும் உட்காரும்படி அமைத்து, நல்லதைக் கூடுதல் விலைக்கு வைத்து, மலிவானதைப் பெரும்பாலோருக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்த விலைப்பட்டியலில் விடுபட்டதைத் தங்கள் கையால் சேர்த்துக்கொண்டார்கள்.

டிஃபரன்ஷியலின் தேவை எளிதானது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்துச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். 1820-களின் இறுதியில் பிரெஞ்சுக்காரர் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதற்கொரு பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி மூன்று சக்கர மிதிவண்டிக்கு அதைக் கொண்டுவந்தார். கிரவுன் வீலோடு சுற்றும் கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள் முறுக்குவிசையை இரு சக்கரங்களுக்கும் சரிபாதியாகப் பகிர்கின்றன. அந்தச் சமத்துவமே அதன் குறை. ஒரு சக்கரம் சேற்றில் நின்றால், அது தாங்கும் அற்ப விசை எவ்வளவோ அவ்வளவுதான் உலர்ந்த தரையில் நிற்கும் மற்றதற்கும் கிடைக்கும். ஒற்றை இரும்பு அச்சு கொண்ட கார்களில் இன்னொன்றும் சேர்கிறது: புரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்கு அச்சையே சற்றுத் திருப்ப முயல, வலப் பின்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைகிறது. அதனால்தான் வலுவான அமெரிக்க கார்கள் சீறிப் புறப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பரவலான தட்டு வகை லிமிடெட் ஸ்லிப்பில் பக்கப் பற்சக்கரங்களுக்குப் பின்னால் உராய்வுத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் வீணாகச் சுழலத் தொடங்கும்போது அவை இறுகி, பிடிமானமுள்ள சக்கரத்துக்குக் கூடுதல் விசையைத் தள்ளுகின்றன.

இது பந்தயத்தில் பிறந்ததுதானே என்று கேட்கலாம். பிறப்பு அங்கேதான். 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் பதினாறு சிலிண்டர் எஞ்சினின் வலுவைப் பின்சக்கரங்களால் தாங்க முடியவில்லை; நல்ல வேகத்தில் போகும்போதும் ஒன்று வெறுமனே சுழன்றது. 1935 வாக்கில் இசட்எஃப் நிறுவனம் செய்துகொடுத்த சுழற்சித் தடுப்பு டிஃபரன்ஷியல் அதற்கு மருந்தானது. ஆனால் அந்தப் பந்தயத் தளவாடம் எந்த வீட்டுக் கொட்டகையிலும் ஒரு வழக்கத்தை உண்டாக்கவில்லை. உண்டாக்கியது 1956. அந்த ஆண்டு பேக்கார்ட், டானா நிறுவனத்தின் தயாரிப்பை 'ட்வின் டிராக்‌ஷன்' என்ற பெயரில் விருப்பப் பொருளாக விற்றது. அடுத்த ஆண்டே ஷெவர்லே 'பாசிட்ராக்‌ஷன்' கொண்டுவந்தது. கிரைஸ்லரின் 'ஷூர் கிரிப்', போன்டியாக்கின் 'சேஃப்டி டிராக்' எல்லாம் பின்தொடர்ந்தன. பனியும் சேறும் நிறைந்த ஊர்களில் வாழும் குடும்பங்களை நோக்கியும் இவை விற்கப்பட்டன. கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும் என்பதால், பெரும்பாலான கார்கள் சாதாரண டிஃபரன்ஷியலோடுதான் வெளியே வந்தன. கேட்டு வாங்கப்பட்டவை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றின் அச்சுக்குள் இருந்த பொருள் இன்னொரு காரின் அச்சுக்கு அப்படியே பொருந்தியது. வழக்கம் தொடங்கிய இடம் அந்தக் காயலான் கடைதான்.

அச்சின் அமைப்பே இங்கு முக்கியச் சான்று. ஃபோர்டு 1957 முதல் 1986 வரை பயன்படுத்திய 9 அங்குல அச்சில் கிரவுன் வீல், பினியன், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே தொகுதியாக முன்பக்கத்திலிருந்து கழன்று வரும். இரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட்களையும் இழுத்து, புரொப்பல்லர் ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, சுற்றிலுமுள்ள நட்டுகளைக் கழற்றினால் போதும்; பற்களின் இடைவெளியை மேசையில் வைத்தே சரிபார்த்து, முடித்த தொகுதியைத் திரும்ப ஏற்றலாம். ஆலைத் தளத்தின் வசதிக்காக அமைந்த இந்த ஏற்பாடு வீட்டு மெக்கானிக்குக் கிடைத்த பெரும் கொடை. ஜெனரல் மோட்டார்ஸின் 12 போல்ட் அச்சில் அந்த வசதி இல்லை. பின்மூடியைத் திறந்து, காருக்கு அடியில் படுத்தபடி மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பேக்லாஷ் எனப்படும் அந்தப் பல் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பல அச்சுகளில் அது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பற்களில் நிறக் குழம்பு தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தவறினால் சில நூறு கிலோமீட்டரில் அச்சு ஊளையிடும். கிளட்ச் தட்டு வகைக்கு உராய்வைப் பதப்படுத்தும் கலவையை ஆயிலில் சேர்க்க வேண்டும். மறந்தால் மெதுவான திருப்பங்களில் அச்சு உதறும். பல் விகிதம் மாறினால் சில கார்களில் வேகமானியும் பொய் சொல்லும். இவ்வளவு நுட்பமான வேலையை ஆயிரக்கணக்கானோர் கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் பெருமதிப்போடு பார்க்கிறேன். ஆனால் அவர்கள் கையாண்ட அளவுகளும் ஷிம்களும் கலவைகளும் கம்பெனியின் சொந்த ரிப்பேர் புத்தகங்களில் இருந்தவையே.

பிற நாட்டு கார்களிலும் இதே கதைதான். பிஎம்டபிள்யூவின் E30 வரிசையில் 188 மில்லிமீட்டர் கூடு கொண்ட 325i-க்கு 25 விழுக்காடு பூட்டும் திறன் கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் விருப்பப் பொருளாக இருந்தது. கூட்டில் தொங்கும் தகட்டில் பல் விகிதத்துக்கு முன் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் அது பூட்டும் வகை. அந்தத் தகட்டைத் தேடிக் காயலான் கடைகளில் காருக்கு அடியில் படுத்தவர்கள் ஏராளம். அதே காலத்து 5 வரிசைக் காரிலிருந்து எடுத்தாலும் பின்மூடியை மாற்றினால் பொருந்தும். சிறிய கூடு கொண்ட 318i-க்கு அந்த எளிமை இல்லை. மாஸ்டாவின் MX-5 இன்னும் தெளிவான உதாரணம். முதல் 1.6 லிட்டர் கார்களின் கிரவுன் வீல் 6 அங்குலம், 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது அதை 7 அங்குலமாக்கி, வெர்னன் கிளீஸ்மன் கண்டுபிடித்த டோர்சன் என்ற பற்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப்பை விருப்பமாக வைத்தார்கள். பழைய காரில் அதை வைக்க விரும்புவோர் ஆக்ஸில் ஷாஃப்ட்களையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், எல்லாமே 1.8 காரிலிருந்து கிடைக்கும். கம்பெனி இப்படி வழி வைக்காத இடங்களில் ஸ்டார் பினியன்களை வெல்டிங் செய்து ஒட்டிவிட்டார்கள். அப்போது இரு சக்கரமும் எப்போதும் ஒன்றாகச் சுழலும். டயர் கீச்சிட, ஆக்ஸில் ஷாஃப்ட் ஒருநாள் முறியும். வழி அடைபட்டால் வேலை எவ்வளவு முரடாகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு பழமையைக் காப்போரிடமிருந்து வருகிறது: பழைய கார் ஓர் ஆவணம், அதன் அச்சை மாற்றுவது ஆவணத்தைத் திருத்துவதாகும் என்கிறார்கள். ஆலையிலிருந்து வந்த எண்கள் சிதையாமல் எஞ்சியிருக்கும் அரிய காருக்கு இதை நானும் ஏற்கிறேன். மற்ற கார்களில், அதே ஆண்டில் அதே ஆலை அதே கூட்டுக்குள் விற்ற பொருளை வைப்பது வரலாற்றுக்குப் புறம்பானதல்ல. பழைய தொகுதியைத் துடைத்து அலமாரியில் வைத்தால் பழையபடி மாற்றவும் முடியும். பாதுகாப்பைப் பற்றிய மறுப்பு இன்னும் கூர்மையானது. ஈரச் சாலையில் சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு சக்கரத்தைத்தான் சுழலவிடும், மற்றது பக்கவாட்டுப் பிடியைக் காக்கும்; பூட்டும் வகையில் இரண்டும் ஒருசேர நழுவி காரின் பின்புறம் வீசியடிக்கும். இது உண்மை. ஒரு சக்கரத்தை ஜாக்கில் தூக்கிவிட்டு கியரில் எஞ்சினை ஓட்டக்கூடாது, தரையிலுள்ள சக்கரம் காரைத் தள்ளிவிடும் என்று அந்தக் காலத்துக் கையேடுகளே எச்சரித்தன. மாற்றியவர் இந்த எச்சரிக்கைகளையும் காரோடு அடுத்தவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

இன்றைய கார்களில் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்தே எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு அடக்கிவிடுகிறது, பிறகு இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. பனியில் புறப்படும் குடும்பக் காருக்கு அது போதும். வளைவில் தொடர்ந்து வலுவோடு ஓட்டுபவருக்கு பிரேக் தின்னும் விசை இழப்புதான்; 1970-களின் காரில் அந்த எலெக்ட்ரானிக் கட்டுப்பாடும் கிடையாது. என் வாதத்தைச் சோதிக்க ஜப்பானையே பார்க்கலாம். 1983-இல் வந்த டொயோட்டா AE86-இல் பூட்டும் டிஃபரன்ஷியல் சில வகைகளுக்கு விருப்பமாக மட்டுமே இருந்தது. மலைப்பாதைகளில் பின்சக்கரங்களை நழுவவிட்டு ட்ரிஃப்ட் பழகியவர்கள் அதை மாற்றுவதையே முதல் வேலையாக வைத்தார்கள், கஸ்கோ, காஸ் போன்ற நிறுவனங்கள் அவர்களுக்குத் தட்டு வகைகளைச் செய்து விற்றன. AE86-இன் பெயரைச் சுமந்து 2021-இல் வந்த ஜிஆர் 86-இன் பெரும்பாலான வகைகளில் டோர்சன் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. அதை வாங்கியவர் பின் அச்சைத் திறக்க வேண்டுமென்றால் பந்தயத் தளத்துக்கே போகிறவராக இருக்க வேண்டும்.