பட்ஸ் பண்ணையின் பெயர் தாங்கிய விமானம்

1927ஆம் ஆண்டு மே மாதத்தில் சார்ல்ஸ் லிண்ட்பேர்க் நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்குத் தன்னந்தனியே பறந்து சென்ற விமானத்துக்கு ‘சென் லூயிசின் ஆன்மா’ என்று பெயர். அந்நகரத்து வணிகர்கள் பணம் உதவினர். அந்த நன்றியை அவர் விமானத்தின் முகப்பில் எழுதிக்கொண்டார். எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அதே அத்திலாந்திக்குச் சமுத்திரத்தை இன்னொரு விமானம் கடந்தது. எரிபொருள் நிரப்பிய நிலையிலும் அதன் நிறை 5 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. இறக்கையின் நீளம் முனைக்கு முனை 1.83 மீற்றர். உள்ளே மனிதர் எவரும் இல்லை. அதன் பெயர் ‘பட்ஸ் பண்ணையின் ஆன்மா’.

பட்ஸ் பண்ணை ஒரு நகரமன்று. ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஒரு விவசாய நிலம் அது. மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிப்பதற்குச் சிலருக்கு அங்கே இடங் கிடைத்தது. உலகம் அப்பண்ணையின் பெயரை அறிந்ததற்குக் காரணம் இஃதொன்றே.

வானொலியால் இயக்கப்படும் மாதிரி விமானத்துக்கு இடம் வேண்டும் என்பது வெளியாருக்கு எளிதில் விளங்குவதில்லை. கையில் தூக்கிச் செல்லும் பொருளுக்குக் காணி எதற்கு என்று கேட்பார்கள். ஆனால் அப்பொருள் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவது. கட்டுப்பாடு தவறினால் எங்கே விழும் என்று சொல்லவியலாதது. அதன் இயந்திரமோ அயலார் பொறுக்க மாட்டாத இரைச்சல் எழுப்புவது. ஆகவே மரமும் வீடும் மின்கம்பியும் இல்லாத வெளி, வெட்டிச் சீராக்கிய புற்றரை, நல்மனங் கொண்ட நிலச் சொந்தக்காரர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். மூன்றாவது அமைவதே மிக அரிது. பெருநகரங்களைச் சுற்றியிருந்த வயல்கள் போருக்குப் பிந்திய காலத்தில் குடியிருப்புகளாக மாறிவந்தபோது, பல கழகங்கள் இருந்த வெளியை இழந்து, இன்னுந் தூரத்தில் வேறொன்றைத் தேடிச் சென்றன. இக்கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுபவர் பாதிப் பக்கங்களை இடம் தேடிய கதைக்கே ஒதுக்க வேண்டியிருக்கும்.

இக்கலையின் தொடக்கம் 1930களிலே காணப்படுகின்றது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் இருந்தனர். ஒருவர் விமானம் அமைப்பதில் ஊக்கமுடையவர். மற்றவர் வானொலியில் ஈடுபாடுடையவர். இருவர் விருப்பமும் சேர்ந்து 1937இல் ‘கஃப்’ என்னும் விமானம் பிறந்தது. அதன் இறக்கை எட்டு அடி. நிறை எட்டரை இறாத்தல். அவ்வளவு பெரிதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்து வானொலி வாங்குங் கருவியும் அதற்கு வேண்டிய பற்றரிகளும் சிறிய விமானம் தாங்கக்கூடிய பாரமல்ல. அதே 1937இல் டிட்ரொயிட்டில் நடைபெற்ற தேசியப் போட்டியில் வானொலி விமானப் பிரிவில் செஸ்டர் லான்சோ என்பவர் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டிலும் அதனை அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வெற்றி குட் சகோதரர்களுடையதாயிற்று.

அன்றைய கட்டுப்பாடு எத்தகையது என்பதை அறிந்தால், அவ்விமானங்கள் திரும்பி வந்தமையே வியப்பாகத் தோன்றும். முறுக்கிய றப்பர் நாடா ஒன்று சுக்கானைத் திருப்பும் வலிமையைத் தரும். நிலத்திலிருந்து அனுப்பும் ஒவ்வொரு வானலைத் துடிப்பும் ஒரு பற்சில்லை ஒரு படி விடுவிக்கும். முதல் துடிப்புக்குச் சுக்கான் இடப்புறம் திரும்பும், அடுத்ததற்கு நேராகும், அதற்கடுத்ததற்கு வலப்புறம் திரும்பும், பின் மீண்டும் நேராகும். எத்தனையாவது படியில் நிற்கின்றோம் என்பதை விமானி மறந்தால் வலப்புறம் செல்ல நினைத்த விமானம் இடப்புறம் செல்லும். போதாக்குறைக்கு, அக்காலத்தில் வானலை பரப்புவதற்கு அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும். அதற்குப் பரீட்சையில் தேற வேண்டும். ஆகவே முதற் சந்ததியினர் யாவரும் விமானம் செய்யத் தெரிந்த வானொலிக்காரர், அல்லது வானொலி கற்ற விமானக்காரர்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெச்சூர் வானொலி நிறுத்தப்பட்டது. மாதிரி விமானங்களும் நிலத்தில் இருந்தன. வால்ட்டர் குட் போர்க்காலத்தில், குறியை அணுகியதும் தானே வெடிக்கும் எறிகணைக்கான சிறிய வானொலிக் கருவியை உருவாக்கிய குழுவில் பணியாற்றினார். பீரங்கியிலிருந்து எறியப்படும் அதிர்ச்சியைத் தாங்கும் வானொலி அது. விளையாட்டு விமானத்துக்கு வேண்டிய சிறுமையும் உறுதியும் அதற்கும் வேண்டியனவே. அவர் பணியாற்றிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பிரயோக பௌதிக ஆய்வுகூடம் மேரிலாந்தில் இருந்தது. போர் முடிந்தபின்னும் அவர் அப்பகுதியிலேயே தங்கினார். 1947இல் ‘கஃப்’ மீண்டும் தேசியப் போட்டியில் வென்றது. 1960இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காட்சிப் பொருளாயிற்று.

வாஷிங்டன் நகரையும் அதன் அயலையும் சேர்ந்த வானொலி விமானக்காரர் அமைத்த கொலம்பியா மாவட்ட வானொலிக் கட்டுப்பாட்டுக் கழகத்தில் வால்ட்டர் குட் மூத்தோருள் ஒருவராக விளங்கினார். பிற்காலத்தில் அக்கழகத்தின் மைதானத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. வார இறுதிகளில் கூடும் இத்தகைய மைதானங்களில் நெடுங்காலம் ஒரு பொதுவழக்கம் நிலவியது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு பலகை நிற்கும். அதில் துணி உலர்த்தும் கொடியில் மாட்டுவது போன்ற கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் அலைவரிசையின் இலக்கம் எழுதப்பட்டு, வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். தமது அலைவரிசைக்குரிய கிளிப்பைத் தம் கையில் எடுக்கும்வரை எவரும் அனுப்புங் கருவியை இயக்குவதில்லை. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால், வானிலிருக்கும் விமானத்துக்கு எவர் சொல்வது எசமானின் கட்டளை என்று தெரியாது. மாதக் கணக்கில் இரவிரவாக இருந்து செய்த விமானம் சில வினாடிகளில் நிலத்தில் சிதறும். ஒரு மரக்கிளிப்பு இத்தனை உழைப்பைக் காத்து நின்றது. 2000களின் நடுப்பகுதியில், கருவிகள் தாமே காலியான அலைவரிசையைத் தேடிக்கொள்ளும் முறை பரவியபின்னரே இவ்வழக்கம் தேய்ந்தது.

கருவிகளும் படிப்படியாகத் திருந்தின. 1950களில் ஆர்மோனியத்து நாக்குகளைப் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள் வாங்குங் கருவியில் இடம்பெற்றன. வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு தகடு அதிர்ந்து, வெவ்வேறு கட்டளையை நிறைவேற்றும். 1960களில் விமானியின் விரலசைவு எவ்வளவோ அவ்வளவே சுக்கானும் அசையும் முறை வந்தது. அதன்பின் உரிமப் பரீட்சை எழுதாதவரும், மருத்துவரும் எழுதுவினைஞரும் பள்ளி மாணவரும், மைதானத்துக்கு வரத் தொடங்கினர்.

இக்கழகத்தைச் சேர்ந்தவரே மேனார்ட் ஹில். 1926இல் பிறந்தவர், உலோகவியல் அறிஞர், வால்ட்டர் குட் பணியாற்றிய அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். மற்றவர் பறக்கவிட்டு மகிழ்ந்து வீடு திரும்ப, இவர் மட்டும் எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். 1970 செப்டெம்பரில் இவரது மாதிரி விமானம் 8,208 மீற்றர் உயரத்தை எட்டியது. அவ்வுயரத்தில் வெறுங் கண்ணுக்கு அது தோன்றாது. வலிய தொலைநோக்கிகளாலேயே அதனைத் தொடர்ந்து நோக்கினர். 1992இல் ஒரு விமானத்தை 33 மணி 39 நிமிடம் இறங்காமல் பறக்கவைத்தார். இடையில், வளிமண்டலத்தின் மின்னழுத்தம் உயரத்தோடு மாறுவதைப் பயன்படுத்தி, இறக்கை சாயாமல் தானே நிமிரும் ஒரு கருவியையும் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். மொத்தத்தில் இருபத்தைந்து உலக சாதனைகள் அவர் பெயரிலே பதிவாயின.

இத்தனைக்குப் பின், முதுமையில், அத்திலாந்திக்கைக் கடக்க வேண்டுமென்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அப்பொழுது அவரது பார்வை சட்டப்படி குருடர் என்று கணிக்கப்படும் அளவுக்கு மங்கியிருந்தது. செவியும் பெரும்பாலும் அடங்கியிருந்தது. விமானம் பறக்கவிடுவோனுக்கு இவ்விரு புலன்களுமே முதல். எனினும் கை இருந்தது. பால்சா மரத்தைத் தடவிப் பார்த்து இழைக்கும் விரல் இருந்தது. காண்பதற்கும் பறக்கவிடுவதற்கும் நண்பர்கள் இருந்தனர். தனிமனிதனின் சாதனை என்று செய்தித்தாள்கள் எழுதியது உண்மைதான். ஆனால் கழகம் என்பது இல்லாதிருந்தால் அம்மனிதரின் திட்டம் அவரது பட்டறை மேசையோடு நின்றிருக்கும்.

சர்வதேச வானூர்திச் சம்மேளனத்தின் விதியே அவர்களுக்கு முதல் எதிரி. மாதிரி விமானம் என்று கொள்ளப்பட வேண்டுமாயின் எரிபொருளோடு 5 கிலோகிராமை மிஞ்சக் கூடாது. இயந்திரத்தின் கொள்ளளவு 10 கன சென்ரிமீற்றரை மிஞ்சக் கூடாது. ஆளில்லா விமானம் ஒன்று 1998 ஆகஸ்டிலேயே நியூபவுண்ட்லாந்திலிருந்து ஸ்கொத்லாந்துக்குச் சென்றிருந்தது. ஆனால் ‘லைமா’ என்னும் அவ்விமானம் 13 கிலோகிராம் நிறையுடையது, மாதிரி விமானமன்று. ஐந்து கிலோகிராமுக்குள் மூவாயிரம் கிலோமீற்றருக்கு வேண்டிய எரிபொருளையும் அடக்குவதே ஹில் எடுத்துக்கொண்ட கணக்கு. விமானத்தின் நிறையில் ஏறத்தாழ பாதி, அதாவது 2¼ கிலோகிராம் அளவு, எரிபொருளாயிற்று. மாதிரி விமானங்களுக்குரிய வழக்கமான மதுசாரக் கலவை இதற்கு உதவாது. அது விரைவில் தீர்ந்துவிடும். முகாம்களில் விளக்கெரிக்கும் சுத்தமான பெற்றோல் வகையையும் சிறிதளவு எண்ணெயையும் கலந்து, நான்கடிப்பு இயந்திரமொன்றைத் திருத்தி, மணிக்கு 60 கிராம் அளவில் எரியுமாறு செய்தனர். சக்கரங்கள் பாரம் என்று நீக்கப்பட்டன. கையால் எறிந்து ஏற்றுவது, வயிற்றால் இறக்குவது என்று முடிவாயிற்று. செயற்கைக்கோள்களின் துணையால் தன் இருப்பிடத்தை அறிந்து, ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்தில் வழிதவறாமல் செல்லும் சிறு தன்னியக்கக் கருவியும் பொருத்தப்பட்டது. இவையெல்லாம் பலமுறை எறியப்பட்டும் இறக்கப்பட்டும் திருத்தப்பட்டும் தேறிய வெளியே பட்ஸ் பண்ணை.

2002 ஆகஸ்டில் மூன்று விமானங்கள் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டன. மூன்றும் மறுகரை சேரவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நான்காவது புறப்பட்டது. அதுவும் அயர்லாந்தைக் காணவில்லை. எஞ்சியது ஐந்தாவது.

புறப்படும் இடமாக அவர்கள் தெரிந்தது ஸ்பியர் முனை. வட அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கு எல்லை அது. அதற்கு அண்மையிலுள்ள சென் ஜோன்ஸ் நகரத்துக் குன்றொன்றில்தான் 1901 டிசம்பர் 12ஆந் தேதி மார்க்கோனி, இங்கிலாந்திலிருந்து சமுத்திரத்தைக் கடந்துவந்த முதல் வானொலிச் சைகையைக் கேட்டார். அந்நகரிலிருந்தே 1919இல் அல்கொக், பிரவுன் என்னும் இருவரும் இடைநில்லாமல் அத்திலாந்திக்கைக் கடக்கப் புறப்பட்டு, ஜூன் 15ஆந் தேதி அயர்லாந்தின் கிளிப்டனுக்கு அருகே, மார்க்கோனியின் வானொலி நிலையத்தை அடுத்த சதுப்பு நிலத்தைப் புல்வெளியென்று எண்ணி இறங்கி, விமானத்தின் மூக்கைச் சேற்றில் புதைத்தனர். ஹில் குழுவினர் தேர்ந்த இறங்குமிடமும் அதே கிளிப்டனுக்கு அண்மையிலுள்ள மனின் கடற்கரையே.

2003 ஆகஸ்டு 9ஆந் தேதி மாலை, எழுபத்தேழு வயதுடைய ஹில் ஐந்தாவது விமானத்தைத் தம் கையாலேயே எறிந்தார். சிறிது நேரம் நண்பரொருவர் வானொலியால் நடத்தினார். பின் தன்னியக்கக் கருவி பொறுப்பேற்றது. விமானம் கிழக்கே இருளுக்குள் மறைந்தது. அதன்பின் செய்வதற்கு எதுவுமில்லை. செயற்கைக்கோள் வழியே அவ்வப்போது வரும் இலக்கங்களை நோக்கியிருப்பதே வேலை. இடையில் சில மணி நேரம் அவையும் நின்றன. ஐந்தாவதும் போயிற்றென்றே நினைத்தனர். பின்னர் இலக்கங்கள் மீண்டும் வந்தன. விமானம் தன் வழியிலேயே சென்றுகொண்டிருந்தது, பின்காற்றும் உதவிற்று.

ஆகஸ்டு 11ஆந் தேதி பிற்பகலில் மனின் கடற்கரையில் நின்றோர் மேற்கே ஒரு புள்ளியைக் கண்டனர். அங்கே அனுப்புங் கருவியுடன் காத்திருந்தவர் அமெரிக்க மாதிரி வானூர்திக் கழகத்தின் அன்றைய தலைவர் டேவ் பிரவுன். எண்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அவ்வழி வந்த பிரவுனுக்கு இவர் உறவினர் அல்லர். அவர் விமானத்தைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்து, வட்டமிட்டு, புற்றரையில் இறக்கினார். பறந்த நேரம் 38 மணி 52 நிமிடம். கடந்த தூரம் ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர். நியூபவுண்ட்லாந்தில் காத்திருந்த ஹில்லுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது. தாங்கியில் எஞ்சியிருந்த எரிபொருளையும் பார்த்தார்கள். சில மேசைக்கரண்டி அளவே இருந்தது.