கழலையும் குஷ்டமும்

பினாங்கின் கிழக்குக் கரைக்கும் பெருநிலத்துக்கும் இடையே காடு மண்டிக் கிடக்கும் ஜெரஜாக் என்னும் சிறு தீவை, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோரிற் பலர், ஜார்ஜ் டவுன் வீதிகளை மிதிப்பதற்கு முன்னரே மிதித்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தொற்றுநோய்க்கு அஞ்சிப் பிரயாணிகளை ஒதுக்கி வைத்த இடம் அது. குஷ்டரோகிகளின் விடுதியும் அங்கேதான் இருந்தது.

அக்காலத்தில் ரோக நிர்ணயம் பெரும்பாலும் கண்ணின் காரியம். நார்வே தேசத்து ஹான்சன் குஷ்டக் கிருமியைக் கண்டதே 1873-இல்தான். முகத்திலும் காதுமடலிலும் முடிச்சு முடிச்சாய் எழுவது பெருவியாதியின் லட்சணமென்றால், வியர்வைச் சுரப்பியிலோ மயிர்க்காலிலோ தோன்றும் நிரபராதியான கழலையும் அதே வேஷத்தில் வரக்கூடும். அவற்றுள் ஒன்று உச்சந்தலை முழுவதும் திரண்டு பாகை கட்டியதுபோல் காட்சியளிப்பதால், தலைப்பாகைக் கட்டி என்றே பெயர் பெற்றது. 1842-இல் ஆங்கிலேய மருத்துவர் ஆன்செல் விவரித்த இதனை வெகுகாலம் வியர்வைச் சுரப்பியின் கட்டியென்றே மருத்துவ நூல்கள் வகைப்படுத்தின. குடும்பவழி வருவதுண்டேயன்றி ஒட்டுவதில்லை. ஆயினும் தெருவில் போகிறவன் கையில் நுண்நோக்கி ஏது? முடிச்சைக் கண்டான், விலகினான்.

வியர்வையே இதில் சாட்சியாவது எனக்கு வியப்பளிக்கிறது. குஷ்டத்தின் வெளிறிய படையில் நரம்பு மாய்வதால் ஊசி குத்தினாலும் உறைக்காது. பினாங்கின் புழுக்கத்தில் உடலெல்லாம் நனைந்திருக்க, அவ்விடம் மட்டும் உலர்ந்திருக்கும். படைக்கு இச்சோதனை உதவும், முடிச்சுக்குப் போதாது. காதுமடலைக் கீறி எடுத்த நீரில் கிருமியைத் தேட வேண்டும். கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய ஏடாய்ச் சீவி, சாயமேற்றிப் பார்க்கவும் வேண்டும்.

கழலைக்குக் கத்தியே சிகிச்சை. குஷ்டத்துக்கோ, நம் சித்த வைத்தியர் அறிந்த நீரடிமுத்து எண்ணெயையே வெள்ளைக்கார மருத்துவரும் ஊசியில் ஏற்றிச் செலுத்தினர். அந்த வேதனைக்கு ஈடான பலன் கிட்டியதா என்பது வேறு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் டாப்சோன் மாத்திரை வந்தது.

கோலாலம்பூருக்கு அருகே குஷ்டரோகிகளுக்கான சுங்கை பூலோ குடியிருப்பு 1930-இல் திறக்கப்பட்டபின் ஜெரஜாக்கின் நோயாளிகள் அங்கே மாற்றப்பட்டனர். தீவு பின்னர் க்ஷயரோகிகளுக்கு இடமாகி, 1969-இல் சிறையாகி, 1993-இல் அதுவும் மூடப்பட்டது. இன்று பினாங்குப் பாலத்தில் போகிறவர்களுக்கு அது ஒரு பச்சைத் திட்டு. இமைக்குக் கீழே கடுகளவாய் எழுந்த வியர்வைக் குழாய்க் கட்டிகளை அழகின்பொருட்டு அகற்றிக்கொள்ள மருத்துவரிடம் செல்லும் பெண்ணும் அவர்களுள் இருக்கக்கூடும்.