பிளேடு யாருடையது? சவரம் செய்வோர் அவதானிக்க வேண்டியவை

பெருநாளைக்கு முதல்நாள் இரவு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சலூனுக்குப் போனால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த அவசரத்தில் தன் கழுத்தில் படும் பிளேடு புதியதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

தாடி வைத்திருப்பவருக்கும் சவரம் உண்டு. கன்னத்தின் மேற்பகுதியையும் பிடரியையும் சீர்செய்கிறோம். மறைவிட, அக்குள் முடிகளை நாற்பது நாட்களுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே இது எல்லோருக்கும் உரிய விடயம்.

முதலில் தண்ணீர்

காய்ந்த முடி கடினமானது. தண்ணீரை உறிஞ்சினால் மென்மையாகும். குளித்த பின்னர் சவரம் செய்வது நல்லது. முடியாவிட்டால், இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை இரண்டு, மூன்று நிமிடங்கள் முகத்தில் வைத்திருங்கள்.

கிரீமும் பிரஷும்

சாதாரண சவர்க்காரம் தோலை உலரச் செய்யும். ஷேவிங் கிரீம் அல்லது ஜெல் பாவியுங்கள். வாங்கும்போது லேபலை வாசியுங்கள். ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தால் அது மிருகக் கொழுப்பிலிருந்து வந்தது. சில பிரஷ்கள் பன்றி முடியினால் செய்யப்படுகின்றன; செயற்கை நார் பிரஷ் கேட்டு வாங்கலாம். சவரத்தின் பின் தோல் எரிந்தால் அல்கஹோல் கலந்த லோஷனைத் தவிர்த்து, வாசனையற்ற கிரீம் பூசுங்கள்.

பிளேடும் திசையும்

முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் இழுங்கள். கழுத்தில் முடி பல திசைகளில் வளரும். விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுருள் முடியுள்ளவர்களுக்கு, வெட்டிய முடி வளைந்து மீண்டும் தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும். பல பிளேடுகள் கொண்ட ரேஸர் முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவதால் இது கூடும். இவர்களுக்கு ஒற்றை பிளேடு, அல்லது சிறிது முடியை விட்டுவைக்கும் டிரிம்மர் பொருத்தமானது. ஐந்து முதல் ஏழு தடவைகளுக்குப் பின் பிளேடை மாற்றுங்கள். முகத்துக்கும் மறைவிடத்துக்கும் வெவ்வேறு ரேஸர் வையுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் மின்சார ஷேவர் பாதுகாப்பானது.

சலூனில்

ஹெப்பட்டைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே போதும். எனவே புதிய பிளேடை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பலரது முகத்தில் தேய்த்த படிகாரக் கல்லை வேண்டாமென்று சொல்லுங்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான பஞ்சினால் அழுத்தினால் போதும். வீட்டிலும் தந்தையின் ரேஸரை மகன் எடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

ஹஜ், உம்ராவில் தலைமுடி களையும்போதும் இதே கவனம் தேவை. அனுமதி பெற்ற நாவிதரிடம் செல்லுமாறும், ஒருமுறை பாவித்து வீசும் பிளேடையே பயன்படுத்துமாறும் சவூதி சுகாதார அமைச்சு ஹாஜிகளுக்கு அறிவுறுத்துகிறது. வீதியோரத்தில் ஒரே பிளேடால் பலருக்கு மழிப்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல நாவிதர் அதற்காகக் கோபிக்க மாட்டார். ஒரு பிளேடின் விலை சொற்பம். ஈரல் நோயின் விலை அப்படியல்ல.