மொழி கற்கப் பிறர் வாசல் சென்ற மலாக்காப் பிள்ளை



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருவரின் தந்தையார் விளம்பரத் தாள் ஒன்றுடன் என்னைக் காண வந்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கவைத்து ஆங்கிலம் பழக்கும் திட்டம் அது. "டீச்சர், ரெண்டு வாரத்துல மொழி வந்திடுமா? முகம் தெரியாத வீட்ல எப்படி விடுறது?" என்று கேட்டார். எனக்கு நம் மலாக்காவின் பழங்கதை நினைவுக்கு வந்தது.

1796-இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர் முன்ஷி அப்துல்லா. அரபு, தமிழ்க் குருதி கலந்த குடும்பம். பாட்டியார் அவ்வூரில் குர்ஆன் பள்ளி நடத்திய ஆசிரியை. தந்தையார் மகனைத் தமிழ் கற்க அனுப்பினார். அக்காலத்தில் மலாக்காவின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்றும், கணக்குக்கும் வணிகப் பேச்சுக்கும் அது தேவைப்பட்டது என்றும் அப்துல்லாவே தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். 'தமிழ் படித்தால் என்ன பயன்' என்று இன்று நம்மிடம் கேட்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்! (நம் தஞ்சோங் கிளிங் என்னும் பெயரிலும் அந்தத் தென்னிந்திய வணிகரின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

பின்னர் ஆங்கிலேயரின் இந்தியப் படைவீரர்களோடு பழகி அவர் இந்துஸ்தானி கற்றார். அவர்களுக்குச் சமயப் பாடம் சொல்லித் தந்தார். 'முன்ஷி', அதாவது ஆசிரியர், என்ற பட்டம் அவர்கள் இட்டதே. 1815-இல் மலாக்கா வந்த வில்லியம் மில்ன் பாதிரியாருக்கு மலாய் கற்பித்து, அவரிடமே ஆங்கிலம் கற்றார். பெறுவதோடு நில்லாமல் கொடுக்கவும் செய்தார். பரிமாற்றம் என்பது இதுதானே!

இன்றைய மாணவர் பரிமாற்றமும் அவ்வாறே பிறந்தது. முதல் உலகப் போரில் பிரான்சில் காயமுற்றோரைச் சுமந்த அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பே ஏ.எஃப்.எஸ். இரண்டாம் போர் முடிந்தபின், பகை நாட்டுப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு உறங்கினால் மறுபடி போர் மூளாது என்று அவர்கள் நம்பினர். 1947-இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கினர். மொழி அந்த வீட்டுச் சமையலறையில் தானே வந்தது.

ஆகவே அத்தந்தையிடம், முகவரைச் சில கேள்விகள் கேட்கச் சொன்னேன். அவ்வீட்டாரை முன்னரே நேரில் கண்டவர் யார்? அவ்வீட்டில் இவள் வயதுப் பிள்ளை உண்டா? இரவில் மகள் அழுதால் அவ்வூரில் யாரை அழைப்பது? அவர்கள் வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கு வந்து தமிழோ மலாயோ கற்குமா?

முதல் மூன்றுக்கும் அரைகுறையாகப் பதில் வந்ததாம். கடைசிக் கேள்விக்கு முகவர் சிரித்துவிட்டாராம். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் உறுத்துகிறது. இரண்டு வாரத்தில் மொழி வராது, கூச்சம் போகலாம் என்பதையும் சொல்லி அனுப்பினேன். முன்பணம் கட்ட இம்மாத இறுதிவரை தவணை உண்டு. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.