மலிக் அம்பரின் மகள்

கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊரினர்க்கு ‘அம்பர்’ புதிய சொல்லன்று. திமிங்கிலத்தினின்று கிடைக்கும் அந்நறுமணப் பொருளை அரபியில் ‘அன்பர்’ என்றெழுதி ‘அம்பர்’ என ஒலிப்பர். 1548 வாக்கில் அபிசீனியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட சிறுவனுக்கு மீர் காசிம் என்பார் அப்பெயரைச் சூட்டினார். நிறம் கண்டு இட்டாரோ, குணம் கண்டு இட்டாரோ!

பின்னர் தக்காணத்தில் அவரை விலைக்கு வாங்கிய அமைச்சர் சங்கீஸ் கானும் ஒரு ஹபஷியே. 1600-க்குப் பின் அஹ்மத்நகரின் ஆட்சி மலிக் அம்பர் கைக்கு வந்தது. தாம் அரியணையேற்றிய இரண்டாம் முர்தஸா நிஜாம் ஷாவுக்கே மகளை நிக்காஹ் செய்து கொடுத்தார்.

செல்வமும் சேனையும் இருந்தும் அப்பெண்ணுக்கு அரண்மனையில் மதிப்பில்லை. சுல்தானின் மூத்த மனைவி, பாரசீக வெள்ளைப் பெண், அவளை ‘அடிமை’ என்று இழித்தாள், தந்தையையும் ஏசினாள். 1610-இல் சுல்தானும் அம்மனைவியும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர்; ஏவியவர் அம்பரே என டச்சு வணிகர் வான் டென் புரூக் எழுதிவைத்தார். கொலைக்கு நியாயம் கூற யான் முன்வரேன். ஆயினும் பெண் பார்த்து வந்தோரிடம் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி எதுவென்று வாசகர் அறிவர்.

முற்றாக அடக்க முடியாத ஜஹாங்கீர், நாட்குறிப்பில் அம்பரின் கறுப்பு நிறத்தை இகழ்ந்தார். அவர் தலையைத் தாம் அம்பெய்வதாக ஓவியமும் தீட்டச் செய்தார். ஆனால் 1626-இல் அம்பர் மறைந்தபோது, முகலாயர் தரப்பு வரலாற்றாசிரியர் முஅதமத் கானே அவருக்கு நிகரில்லை என்றெழுதினார்.

மகன் ஃபதஹ் கான் 1633-இல் தௌலதாபாத் கோட்டையை முகலாயரிடம் ஒப்படைத்தார். தந்தையின் கபுறு குல்தாபாதில் இருக்கிறது.