நாய்க்கு 'ட்ரீட்' கொடுக்குறீங்களா? எப்போ, எவ்வளவு, எதைக் கொடுக்கலாம்? எதைக் கொடுக்கவே கூடாது?

"கையில பிஸ்கட் இருந்தாதான் சொல்ற பேச்சைக் கேட்குது. இல்லைன்னா திரும்பிக்கூட பார்க்க மாட்டேங்குது." நாய் வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் புகார் இது. இதற்குப் பெரும்பாலும் காரணம் நாயின் பிடிவாதம் இல்லை. ட்ரீட்டை நாம் கொடுக்கும் விதம்தான்.

சின்ன விஷயம் போலத் தெரியலாம். ஆனால் கேட் திறந்ததும் சாலைக்கு ஓடும் நாய், 'வா' என்று கூப்பிட்டால் திரும்பி வருமா? குப்பையில் கிடந்த எலும்பைக் கவ்விய நாய், 'விடு' என்றால் விடுமா? இரண்டும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டையும் பழக்க உதவுவது இந்தச் சின்னத் துண்டு ட்ரீட். அதே சமயம், பாசத்தில் ஊட்டும் ஒரு கரண்டி பாயசம் நாயின் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். எனவே ட்ரீட் பற்றித் தெரிஞ்சுக்க வேண்டிய அடிப்படை விஷயங்களை இங்கே பார்க்கலாம்.

ட்ரீட் எதற்கு?

வயிறு நிறைய சாப்பாடு இருக்கிறது. ட்ரீட்டின் வேலை வேறு. "நீ இப்போ செஞ்சியே, அது சரி" என்று நாய்க்குப் புரியும் மொழியில் சொல்வதுதான் அது. ஒரு செயலுக்குப் பிறகு நல்லது நடந்தால், அந்தச் செயலை விலங்குகள் மறுபடியும் செய்யும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1898-ல் பூனைகளை வைத்து நடத்திய சோதனைகளில் இதைக் காட்டினார். இன்றைய நாய்ப் பயிற்சிக்கும் இதுதான் அடிப்படை.

அடிச்சு வளர்த்தா சீக்கிரம் கத்துக்காதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று இழுப்பது, அதட்டுவது போன்ற முறைகளில் பயிற்சி பெற்ற நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகள் அதிகம் இருந்தன. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் அழுத்த ஹார்மோனான கார்டிசோலும் கூடுதலாக உயர்ந்தது. அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைத்தது.

எப்போ கொடுக்கணும்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நாய் சரியாகச் செய்த ஓரிரு நொடிக்குள் ட்ரீட் வாய்க்குப் போக வேண்டும். 'உட்கார்' என்கிறீர்கள், நாய் உட்காருகிறது. நீங்கள் எழுந்து போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள் அது எழுந்து நின்று குரைக்கிறது. அப்போது கொடுத்தால், குரைச்சதுக்குத்தான் கிடைச்சது என்று நாய் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு உதாரணம், வெளியே சிறுநீர் கழிக்கப் பழக்குவது. நாய் வெளியே போய் முடிச்சதும், அதே இடத்தில் கொடுக்கணும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், "உள்ளே ஓடி வந்தா கிடைக்கும்" என்றுதான் அது கத்துக்கும். பாதியிலேயே ஓடி வரவும் ஆரம்பிக்கும்.

ட்ரீட்டை எடுக்க நேரமாகும் என்றால், சரியாகச் செய்த அந்த நொடியில் 'சபாஷ்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். உடனே ட்ரீட் கொடுங்கள். சில நாட்களில் அந்த வார்த்தை கேட்டாலே "சரியா செஞ்சுட்டோம்" என்று நாய்க்குத் தெரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் அதே வார்த்தையைச் சொல்வது முக்கியம்.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு நாளைக்கு நாய்க்குத் தேவையான கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் ட்ரீட் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. மீதி 90 சதவீதம் சத்துள்ள வழக்கமான உணவாக இருக்க வேண்டும்.

கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கான தோராயக் கணக்கு இது:

5 கிலோ எடை (பொமரேனியன் போன்றவை): நாளுக்குச் சுமார் 370 கலோரி. ட்ரீட்டுக்கு 37.

15 கிலோ எடை (நாட்டு நாய்): சுமார் 850 கலோரி. ட்ரீட்டுக்கு 85.

30 கிலோ எடை (லாப்ரடார்): சுமார் 1,430 கலோரி. ட்ரீட்டுக்கு 140.

டீக்கடையில் கிடைக்கும் ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 20 முதல் 25 கலோரி இருக்கும். அப்படின்னா, சின்ன நாய்க்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தாலே அன்றைய கணக்கு முடிஞ்சுது. அதே 37 கலோரிக்கு, ஒரு கிராம் அளவில் நறுக்கிய வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 20 துண்டுக்கு மேல் கொடுக்கலாம். 20 முறை பழக்கலாம்!

துண்டு பட்டாணி அளவில் இருந்தால் போதும். குட்டி நாய்க்கு அதில் பாதி. நாயைப் பொறுத்தவரை, பெரிய துண்டு ஒன்றைவிட சின்னச் சின்னதாகப் பலமுறை கிடைப்பதே பயிற்சிக்கு உதவும். மென்று முடிக்க நேரமாகும் ட்ரீட் கொடுத்தால் கவனமும் சிதறும். பயிற்சி அதிகமான நாட்களில் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

எடை விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-ல் வெளியானது. 25 சதவீதம் குறைவாக உணவு பெற்ற நாய்கள், மற்றவற்றைவிட ஏறக்குறைய 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுப் பிரச்சினையும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது.

லாப்ரடார் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, பசி அடங்குவதோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது. "சாப்பிட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகல, மறுபடியும் பார்க்குது" என்றால் உண்மையிலேயே பசிதான் என்று நினைக்க வேண்டாம்.

எதைக் கொடுக்கலாம்?

நம்ம சமையலறையிலேயே நல்ல ட்ரீட் இருக்கிறது. உப்பு, மசாலா, எண்ணெய் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழிக்கறி. வேகவைத்த முட்டைத் துண்டுகள். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், கேரட், பீன்ஸ். விதை நீக்கிய ஆப்பிள், தர்பூசணி. சில நாய்களுக்குப் பால் பொருட்கள் ஒத்துக்காது. எனவே பனீரைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்து முடிவு பண்ணலாம். எந்தப் புது உணவும் அப்படித்தான், முதல் நாள் ஒரு துண்டு மட்டும்.

தினமும் போடும் உலர் உணவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அதையே ட்ரீட்டாகவும் கொடுக்கலாம். செலவும் இல்லை, கலோரியும் கூடாது.

எல்லா ட்ரீட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. வீட்டுக்குள் 'உட்கார்' பழக்க உலர் உணவே போதும். பூனையும் வண்டியும் பட்டாசுச் சத்தமும் இருக்கும் தெருவில் அது எடுபடாது. அங்கே கோழிக்கறி மாதிரி ஸ்பெஷலாக ஏதாவது வேணும். கஷ்டமான வேலைக்குக் கூடுதல் கூலி, அவ்வளவுதான்.

கொடுக்கவே கூடாதவை

திராட்சை, உலர் திராட்சை: நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். எத்தனை பழம் வரை பரவாயில்லை என்ற பாதுகாப்பான அளவே கிடையாது. பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றிலும் உலர் திராட்சை இருக்கும் என்பதை மறக்காதீங்க.

வெங்காயம், பூண்டு: இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார் சாதம், பிரியாணி, குருமா மூலமாகத்தான் இது பெரும்பாலும் உள்ளே போகிறது. வேகவைத்தாலும் ஆபத்து குறையாது.

சாக்லேட், காபித்தூள்: சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின், காபியில் உள்ள கஃபீன் இரண்டும் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். சாக்லேட் கருப்பாக இருக்க இருக்க ஆபத்து அதிகம்.

சைலிட்டால்: 'சுகர் ஃப்ரீ' சூயிங்கம், சில இனிப்புகள், சில கடலை வெண்ணெய் வகைகளில் இருக்கும் இனிப்பூட்டி. நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அபாய அளவுக்குக் குறைத்துவிடலாம். கல்லீரலையும் பாதிக்கும்.

வேகவைத்த எலும்பு: கூர்மையாக உடைந்து தொண்டை, குடலைக் கிழிக்கலாம். பிரியாணி எலும்பு போடுவது பாசம் இல்லை, ஆபத்து.

கருவாடு, சிப்ஸ், ஊறுகாய், வறுத்த கறி: உப்பும் எண்ணெயும் மிக அதிகம். கொழுப்பு அதிகமான உணவு கணைய அழற்சிக்குக் காரணமாகலாம்.

கடையில் வாங்குறீங்களா?

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 மனிதர்கள் சாப்பிடும் உணவுக்கானது. கால்நடைத் தீவனம் அதன் வரையறைக்குள் வராது. எனவே பாக்கெட்டில் இருப்பதை நாமே படித்துப் பார்ப்பது அவசியம். ஒரு துண்டில் எத்தனை கலோரி, என்னென்ன சேர்க்கப்பட்டிருக்கு, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றைப் பாருங்கள். சர்க்கரையும் உப்பும் பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் தவிர்த்துடுங்க.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் உலர்த்திய இறைச்சி ட்ரீட்கள் குறித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பெரும்பாலும் சீனாவில் தயாரான அந்த ட்ரீட்களைச் சாப்பிட்ட ஆயிரக்கணக்கான நாய்கள் நோயுற்றதாகப் புகார்கள் வந்தன. பல ஆண்டுகள் ஆராய்ந்தும் உறுதியான காரணம் பிடிபடவில்லை. தோலால் செய்த மெல்லும் எலும்புகளிலும் கவனம் தேவை. பெரிய துண்டை அப்படியே விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

'வா' என்றால் வரணும்: பழக்குவது எப்படி?

முதலில் வீட்டுக்குள், இரண்டடி தூரத்தில் தொடங்குங்கள். நாயின் பெயரைச் சொல்லி, உற்சாகமாக ஒரே ஒரு முறை 'வா' என்று கூப்பிடுங்கள். வந்ததும் 'சபாஷ்', உடனே ட்ரீட். அடுத்த நாட்களில் தூரத்தைக் கூட்டுங்கள். பிறகு வேறு அறையிலிருந்து, அப்புறம் மொட்டை மாடி, கடைசியாக நீளமான கயிற்றில் கட்டி வெளியே. ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். 'வா' என்று கூப்பிட்டு, வந்த நாயைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. எவ்வளவு லேட்டா வந்தாலும் சரி. ஒரு முறை அடி வாங்கினால், அடுத்த முறை சாலையில் நீங்கள் கூப்பிடும்போது அது யோசிக்கும்.

ட்ரீட்டை எப்போ நிறுத்துவது?

ட்ரீட்டைக் காட்டி வரவழைப்பது முதல் சில முறைக்கு மட்டும்தான். அதன் பிறகு ட்ரீட் பையிலோ பின்பக்கக் கையிலோ இருக்கட்டும். நாய் செய்த பிறகே வெளியே வரணும். முதலில் காட்டிக்கொண்டே இருந்தால், 'காட்டினாதான் செய்வேன்' என்ற பழக்கம் வரும். தொடக்கத்தில் சொன்ன புகாருக்குக் காரணம் இதுதான்.

நன்றாகப் பழகிய பிறகு, ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் இரண்டு முறைக்கு ஒன்று, ஐந்து முறைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். எப்போ கிடைக்கும் என்று தெரியாததால் நாய் தொடர்ந்து முயற்சி செய்யும். 'வா' என்பதற்கு மட்டும் தாராளமாகவே கொடுத்து வாங்க.

சாப்பாட்டில் ஆர்வமே இல்லாத நாய் என்றால்?

வெகுமதி என்றால் உணவுதான் என்று இல்லை. பந்து, கயிறு இழுக்கும் விளையாட்டு, தடவிக் கொடுப்பது எல்லாமே வெகுமதிதான். கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள் தெரு நாய்களை வைத்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. அறிமுகமில்லாத மனிதரிடம் நம்பிக்கை வைக்க, கூடுதல் உணவைவிடத் தொடர்ந்து தடவிக் கொடுத்ததே அதிகம் உதவியது என்று அதில் தெரியவந்தது. நாட்டு நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு இது பயன்படும். ஆனால் வழக்கமாக நன்றாகச் சாப்பிடும் நாய் திடீரென ட்ரீட்டையும் ஒதுக்கினால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடா?

ட்ரீட்டை விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தால் பல் பட வாய்ப்பு உண்டு. உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தை ட்ரீட் கொடுக்க வேண்டாம். நாய் எதையாவது மென்றுகொண்டிருக்கும்போது பிடுங்கவும் கூடாது. அதைவிட நல்ல ட்ரீட்டைக் காட்டி 'விடு' என்று பழக்குங்கள்.

கூடாததைச் சாப்பிட்டுவிட்டால்?

அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று குறித்துக்கொண்டு, பாக்கெட் உறையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது ஆபத்தானது. அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணும், இரவில் யாரை அழைப்பது என்ற விவரமும் இப்போதே உங்கள் போனில் இருக்கட்டும்.

சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, உணவு ஒவ்வாமை உள்ள நாய்களுக்கும், மிகச் சிறிய குட்டிகளுக்கும் எந்த ட்ரீட்டையும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்குங்கள்.