கால் விலங்கும் கன்னத்து அறையும்

2016-இல் பிரேசிலின் அதிபர் டில்மா ரூசெஃப் பதவியிழந்தார். அவருடைய துணை அதிபர் மிஷெல் தெமர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். நடந்தது இவ்வளவுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடந்ததற்குப் பெயர் என்ன என்பதில்தான் நாடு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அதை 'இம்பீச்மென்ட்' என்றது. மறு பாதி 'கோல்பே' என்றது. முன்னது சட்டத்தின் சொல், பின்னது சதியின் சொல். இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் யார் பக்கம் என்று அங்கே முடிவுகட்டிவிடுவார்கள். இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், அந்தச் சண்டையில் எது சரியில்லை என்பதும் புலப்படுகிறது.

இம்பீச்மென்டை பிரேசில் நாளிதழ்கள் மொழிபெயர்ப்பதில்லை. ஆங்கிலத்திலிருந்து எடுத்து அப்படியே எழுதுகின்றன. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'பெதிகா' என்றால் கால் விலங்கு. மிருகத்துக்குப் போடும் கண்ணிக்கும் அதே பெயர். அதற்கும் அடியில் இருப்பது 'பெஸ்', அதாவது கால். ஆக, காலைக் கட்டுவதுதான் இம்பீச்மென்டின் மூலப் பொருள். பிரெஞ்சில் அதன் வழிவந்த வினை இன்றும் 'தடுத்தல்' என்ற பொருளில்தான் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அது 'குற்றம் சாட்டுதல்' ஆனதற்கு, தாக்குதல் என்ற பொருள்கொண்ட வேறொரு லத்தீன் வினையின் ஒலி நெருக்கம் காரணம் என்பார்கள். இரண்டு வினைகள் கலந்ததில் கட்டுவதும் தாக்குவதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன.

இங்கிலாந்தில் இந்த ஆயுதம் முதலில் பாய்ந்தது 1376-இல், லாட்டிமர் பிரபுவின் மேல். அரசனைத் தொட முடியாது; அவனுக்கு வேண்டியவர்களைத் தொடலாம் என்பது ஏற்பாடு. நம் வரலாற்றிலும் இந்தச் சொல் ஒருமுறை குறுக்கிடுகிறது: வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான இம்பீச்மென்ட் விசாரணை 1788-இல் லண்டனில் தொடங்கி, 1795-இல் அவர் விடுதலையாகும்வரை இழுத்தது. விசாரணை தொடங்கும் முன்பே, 1787-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் ஹேஸ்டிங்ஸ் வழக்கைப் பெயர் சொல்லியே விவாதித்தார்கள். அமெரிக்காவைப் பார்த்து 1891-இல் பிரேசிலும் தன் குடியரசுச் சட்டத்தில் இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது.

கடல் தாண்டியபோது ஒன்று மாறிப்போனது. அதுதான் முக்கியம். இங்கிலாந்தில் ஓர் அமைச்சர் வீழ்ந்தால் அடுத்தவரை அரசன் நியமிப்பான். வீழ்த்துகிறவருக்கு அந்த இடம் தானாக வந்துவிடாது. அமெரிக்கக் கண்டத்திலோ, வீழ்கிறவருக்குப் பக்கத்திலேயே அடுத்தவர் காத்திருக்கிறார். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் மீது விசாரணை நடந்தபோது துணை அதிபர் பதவி காலியாக இருந்தது. ஜான்சன் போனால் அதிபராக வேண்டியவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அவரும் வாக்களித்தார், 'குற்றவாளி' என்று. ஒரே ஒரு வாக்குக் குறைவால் ஜான்சன் தப்பினார். அதிபரை விசாரிக்கும்போது மட்டும் செனட்டுக்குத் தலைமை நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்ற விதி, வழக்கமாக அங்கே தலைமை தாங்கும் துணை அதிபரை விலக்கிவைக்கிறது. பிரேசிலும் உச்ச நீதிமன்றத் தலைவரையே அந்த இருக்கையில் அமர்த்துகிறது. ஆனால் அவைக்கு வெளியே துணை அதிபர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பிரேசிலில் துணை அதிபரை 'ஓ வீசி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லத்தீனில் அதன் மூலத்துக்கு முறை, மாற்று, ஒருவருக்குப் பதிலாக என்று பொருள். நம் 'துணை' கூட நிற்பவர். அந்த 'வீசி' தன் முறை வரக் காத்திருப்பவர். அந்த முறை அங்கே அடிக்கடி வரவும் செய்தது: 1954-இல் வர்காஸ் தற்கொலை செய்துகொண்டபோது காஃபே ஃபில்யோ, 1961-இல் குவாத்ரோஸ் பதவி விலகியபோது ஜுவான் கூலார், 1992-இல் கொலோர் மீது இம்பீச்மென்ட் வந்தபோது இதமார் ஃபிராங்கோ.

பிரேசிலுக்கு உள்ளூர்ச் சொல் இல்லாமல் இல்லை. 'இம்பெதிமென்டோ' என்று ஒன்று உண்டு. அதுவும் காலிலிருந்து பிறந்ததுதான். 1955 நவம்பரில் நாடாளுமன்றம் இரண்டு வார இடைவெளிக்குள், தற்காலிக அதிபராக இருந்த கார்லோஸ் லூஸ், காஃபே ஃபில்யோ இருவரையும் இந்தச் சொல்லாலேயே ஓரங்கட்டியது. விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை. ஆள முடியாத நிலையில் இருக்கிறார் என்ற அறிவிப்பு மட்டுமே. 1988-இன் அரசியல் சட்டம் 79-ஆம் பிரிவில் இதே சொல்லை வைத்திருக்கிறது: அதிபருக்கு இம்பெதிமென்டோ நேர்ந்தால் துணை அதிபர் அவர் பணியைப் பார்ப்பார், பதவி காலியானால் அதில் அமர்வார். தெருவில் போகிறவரிடம் கேட்டால் வேறு பொருள் சொல்வார். கால்பந்தில் ஆஃப்சைடுக்கு அங்கே பெயர் இம்பெதிமென்டோ.

டில்மா மீது வைத்த குற்றச்சாட்டின் பெயரும் காலைச் சுற்றியே வருகிறது. 'பெதலாதா' என்றால் மிதிவண்டியின் பெடலை ஒரு மிதி மிதிப்பது. கால்பந்தில் பந்தின் மேல் காலைச் சுழற்றி எதிராளியை ஏய்க்கும் வித்தைக்கும் அதுவே பெயர். அரசு வங்கிகளுக்குக் கருவூலம் தர வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டு, கணக்கு நன்றாக இருப்பதுபோலக் காட்டுவதை 'நிதிப் பெதலாதா' என்றார்கள். விவசாயக் கடன் திட்டத்துக்காக பாங்கோ டோ பிரேசிலுக்குச் சேர வேண்டிய தொகையில் ஏற்பட்ட தாமதமும், நாடாளுமன்ற ஒப்புதலின்றிக் கூடுதல் செலவுக்குப் பிறப்பித்த ஆணைகளும்தான் அவர் மேல் நின்ற குற்றங்கள். கணக்கு ஒழுங்காக இல்லை என்பது உண்மை. அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அதிபர் வெளிநாடு போயிருந்த நாள்களில், 79-ஆம் பிரிவின்படி பொறுப்பில் இருந்த தெமரும் அதே வகை ஆணைகளில் கையெழுத்திட்டிருந்தார். அவர் மேலும் குழு அமைத்து விசாரிக்க வேண்டும் என்று 2016 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற நீதிபதி மார்கோ அவுரேலியோ மெல்லோ உத்தரவிட்டார். அந்தக் குழு கடைசிவரை இயங்கவே இல்லை. ஒரே மாதிரியான இரு கையெழுத்துகளில் ஒன்று பதவியைப் பறித்தது, மற்றொன்றுக்குப் பதவி கிடைத்தது. என் மனம் ஆறாத இடம் இதுதான்.

தமிழில் நாம் சொல்லும் 'பதவி'யும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. வடமொழியில் அது வழி, தடம். 'பத' என்ற காலடியிலிருந்து வந்து, பிறகு நிலை, தகுதி என்று வளர்ந்தது. அந்தப் 'பத'வும் லத்தீனின் 'பெஸ்'ஸும் ஒரே மொழிக்குடும்பத்தின் உறவினர்கள். இம்பீச்மென்டை நாளிதழ்கள் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்றும் இலங்கையில் 'குற்றப் பிரேரணை' என்றும் எழுதுகின்றன. முன்னது முடிவைச் சொல்கிறது, பின்னது காரணத்தைச் சொல்கிறது. காரணம் முன்னால் நிற்பதால் எனக்கு இலங்கைச் சொல்தான் பிடித்திருக்கிறது.

'கோல்பே' வேறு உறுப்பைச் சேர்ந்தது. கிரேக்கத்தில் கன்னத்தில் விழும் அறைக்கு 'கோலஃபோஸ்' என்று பெயர். அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் 'கூ' என்றும் போர்ச்சுகீசியத்தில் 'கோல்பே' என்றும் ஆனது. ஆட்சிக் கவிழ்ப்புக்கு உலகமெங்கும் புழங்கும் பிரெஞ்சுப் பெயரும் இதே அறைதான். பிரேசிலில் இந்தச் சொல்லுக்குக் கூடுதல் கனம் உண்டு. 1964-இல் கூலாரைத் துரத்திவிட்டு இருபத்தோரு ஆண்டுகள் ஆண்ட ராணுவம், தன் செயலைப் 'புரட்சி' என்றே பாடப்புத்தகங்களில் எழுதவைத்தது. அதைக் கோல்பே என்று உரக்கச் சொல்வதே எதிர்ப்பாக இருந்த காலம் அது. டில்மா அந்த ஆட்சியில் சிறையிலும் சித்திரவதையிலும் கிடந்தவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அது வெறும் மேடைப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

சண்டை வெளியே வந்தது ஒரு கடிதத்தால். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி கீழவைத் தலைவர் எடுவார்டோ குன்யா இம்பீச்மென்ட் மனுவை ஏற்றார். ஐந்து நாள் கழித்து தெமர் அதிபருக்கு எழுதினார். அரசியல் சட்டப் பேராசிரியர் அவர். சொன்னது பறந்துவிடும், எழுதியது நிற்கும் என்ற லத்தீன் வாசகத்தோடு தொடங்கினார். முதல் நான்கு ஆண்டுகளை 'அலங்காரத் துணை அதிபராக'வே கழித்ததாகக் குறைப்பட்டார். தன்னையும் தன் கட்சியையும் அதிபர் ஒருநாளும் நம்பியதில்லை என்றார். பதவியேற்பு நாளில் அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடனோடு இரண்டு மணி நேரம் பேசிய டில்மா, பைடனின் நண்பரான தன்னை அழைக்கவில்லை என்பதும் பட்டியலில் இருந்தது. அந்தரங்கம் என்று எழுதிய கடிதம் உடனே பத்திரிகைகளின் கைக்குப் போய்விட்டது. கொள்கையைப் பற்றி அதில் இருந்ததைவிட மனத்தாங்கலைப் பற்றி இருந்ததே அதிகம்.

2016 மார்ச் 29-இல் தெமரின் கட்சி கூட்டணியை விட்டு விலகியது. ஏப்ரல் 11-இல், கீழவை வாக்களிப்பதற்கு முன்பே, வாக்கெடுப்பு முடிந்துவிட்டதுபோல நாட்டுக்கு அவர் ஆற்றிய உரையின் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் வெளியானது. ஒத்திகை, தவறுதலாகப் போய்விட்டது என்றார்கள். மறுநாளே டில்மா, இந்தச் சதிக்கு ஒரு தலைவரும் ஒரு துணைத் தலைவரும் இருக்கிறார்கள் என்று மேடையில் சொன்னார். தெமரின் பட்டத்தில் இருந்த 'வீசி'யை எடுத்து சதிக்குச் சூட்டிய அந்த ஒரு வாக்கியம், நீளமான வாதங்களைவிட அதிகம் பேசப்பட்டது. தெமரின் பெயரும் தப்பவில்லை. லெபனானிலிருந்து வந்த குடும்பத்தின் பெயர் அது. ஆனால் போர்ச்சுகீசியத்தில் 'தெமேர்' என்றால் அஞ்சுதல் என்று பொருள். தட்டிகள் இரண்டு பொருளையும் வைத்து விளையாடின.

ஏப்ரல் 17-இல் கீழவையில் 367 பேர் ஆதரவு, 137 பேர் எதிர்ப்பு. ஆகஸ்ட் 31-இல் செனட்டில் 61-க்கு 20. அங்கே கடைசியாக ஒரு சொல்லின் மேல் தகராறு வந்தது. பதவியிழப்பு, எட்டாண்டு தகுதியிழப்புடன் என்கிறது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அந்த 'உடன்' இரண்டையும் பிரிக்க முடியாமல் கட்டுகிறதா? பிரித்தே வாக்கெடுக்கலாம் என்று தலைமை தாங்கிய ரிகார்டோ லெவண்டோவ்ஸ்கி அனுமதித்தார். தகுதியிழப்புக்கு 54 வாக்குகள் வேண்டும். 42 மட்டுமே விழுந்தன. டில்மாவின் பதவி போனது, தேர்தலில் நிற்கும் உரிமை போகவில்லை.

மூன்றாண்டு கழித்து, 2019 செப்டம்பரில், 'ரோடா வீவா' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தெமரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். கோல்பேயைத் தான் ஒருபோதும் ஆதரித்ததில்லை, அதற்காக முயன்றதும் இல்லை என்று பதில் சொன்னார். அதற்கு முன் எத்தனையோ முறை இம்பீச்மென்ட் என்று சொல்லி வந்தவர், அன்று மறுக்கும்போது எடுத்துக்கொண்டது எதிர்த்தரப்பின் சொல்லை. வாய் தவறியது என்று சிலர், உண்மை வெளிவந்தது என்று சிலர். 2023 ஜனவரியில் மறுபடி அதிபரான லூலா, மோன்டெவிடேயோவில் அவரைக் 'கோல்பிஸ்டா' என்றார். தெமர் அன்றைக்கே மறுப்பு வெளியிட்டார்.